மூன்று அட்டவணைகள் வரவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் கேட்டது காதல் கதை. எழுத உட்கார்ந்தால், கணினி நிரல் எழுதும் ஒரு பெண் மட்டும் வந்து நின்றாள். கூட யாரும் வரவில்லை.

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஜன்னலோரம் அவள்…’

(வேண்டாம். அவள் அறையில் ஜன்னலே கிடையாது.)

2

தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, எந்த அட்டவணையில் எவ்வளவு, என்னென்ன இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தையும் கூடவே கொண்டுபோக வேண்டும். அதைச் செய்யும் நிரல் அவள் பொறுப்பு. புள்ளிவிவரம் இல்லாவிட்டால் தகவல் தொலையாது. ஆனால் எங்கே தேடுவது என்று புரியாமல் தரவுத்தளம் ஆமையாக நகரும்.

போன முறை மூன்று அட்டவணைகளுக்குப் புள்ளிவிவரம் வரவில்லை. அதற்காக எல்லாவற்றையும் நிறுத்துவானேன் என்று அவள் நிரலில் ஓர் எச்சரிக்கையோடு விட்டிருந்தாள். திரையில் ஓடிய நாலாயிரம் வரிகளுக்கு நடுவில் அது கிடந்தது. கடைசி வரியில் ‘வெற்றி’. ஓர் ஆஸ்பத்திரி ஆபரேட்டர் அதை நம்பி வீட்டுக்குப் போனார். மறுநாள் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனை முடிவும் திரைக்கு வரப் பத்து நிமிடம் பிடித்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேலை இல்லை என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

(அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். மனசு வரவில்லை.)

3

அவள் நிரலைத் திருத்துகிறாள். புள்ளிவிவரம் விட்டுப்போனால் இந்த முறையும் பதிப்பு மாற்றம் நிற்காது. ஆனால் ‘வெற்றி’ வராது. எந்த அட்டவணை, என்ன காரணம், அடுத்து என்ன செய்வது என்று கடைசியில் மூன்றே வரி.

குழுத் தலைவருக்குப் பட்டப்பெயர் கத்திரி. எதைக் கொடுத்தாலும் வெட்டுவார். “இதையெல்லாம் யாரும்மா படிக்கப்போறா?” என்றார்.

அவளுக்கும் தெரியாது. ஏழு வருடமாக, முகம் தெரியாதவர்களுக்குத்தான் எழுதுகிறாள். ஆஸ்பத்திரி அனுப்பியிருந்த புகார்க் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்து, ஆபரேட்டரிடம் மூன்று வரியையும் படித்துக் காட்டினாள்.

“புரியுது மேடம். அப்படிச் செஞ்சும் சரியாகலைன்னா? அந்த ரூம்ல நான் ஒருத்தன்தான் இருப்பேன். யாரைக் கேக்கறது?”

4

பிழைச்செய்தியில் ஆள் பெயரோ எண்ணோ கூடாது என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் மறுபடி பதிப்பு மாற்றம். அவள் நான்காவது வரியைத் தொடங்குகிறாள்: ‘சரியாகவில்லையென்றால், என்னை இந்த எண்ணில்…’

(ஒரு முடிவு: கத்திரி அதை வெட்டிவிடுகிறார்.

இன்னொன்று: வரி தப்பிக்கிறது. ஞாயிறு முழுக்க அவள் ஃபோன் பக்கத்திலேயே இருக்கிறாள். அது அடிக்கவில்லை. எல்லாம் சரியாக நடந்ததா, இல்லை அவர் படிக்கவே…)

அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. அவள் விரல் இன்னும் விசைப்பலகையில்தான் இருக்கிறது. எண்ணை நீங்கள் போடுங்கள். அல்லது, வேண்டாம் என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.