உப்பிருந்த இடம்

மதிய உணவு முடிந்து, கை கால் அலம்பி, பெருமாள் அலமாரியின் முன் அமர்ந்து சாற்றுமுறைப் பாசுரங்களை நிதானமாகச் சேவித்து, முற்றத்து வெயில் சுவரேறத் தொடங்கிய பின்னரே ஸ்ரீரங்கன் வலது உள்ளங்கையை நீட்டினார். மனைவி கோமளம் அதில் ஒரு வெள்ளை மாத்திரையை வைத்தாள். திருமண் கட்டியிலிருந்து தெறித்த சில்லைப் போல் இருந்தது அது. "கோவிந்தா" என்று சொல்லி வாயிலிட்டார். மருத்துவர் சொன்னபடியே மென்றார். நாக்கில் சுண்ணாம்பின் வறட்சி பரவியது. மருந்துக்கென்று அளந்துவைத்த இரண்டு மிடறு தண்ணீரைக் குடித்துவிட்டு, இதையும் தந்தவனுக்குக் கைகூப்பினார். ஒரு வேளைகூட அவர் இந்த மாத்திரையைத் தவறவிட்டதில்லை. ஆனாலும் உடம்பு அரித்தது. முதுகில், முழங்கையின் மடிப்பில், தோலுக்கு அடியில் எங்கோ நகம் எட்டாத ஆழத்தில் எறும்பு ஊர்வதைப் போல இரவும் பகலும் அரித்துக்கொண்டே இருந்தது.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை ஒட்டிய தெருவில் அவருடைய வீடு. பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு நெடுங்காலத் துணை. அது சிறுநீரகங்களை மெல்ல மெல்லத் தின்று முடித்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் ராயப்பேட்டை மருத்துவமனையில் இயந்திரத்தின் அருகே படுக்க வேண்டியதாயிற்று. முதல் நாள், தம் குருதி ஒரு குழாயின் வழியே வெளியேறி மறு குழாயின் வழியே தூய்மையாகித் திரும்புவதைக் கண்டபோது அவருக்கு அச்சத்தைவிட வியப்பே மிகுந்தது. உள்ளே இருந்து தொண்டு செய்த இரண்டு உறுப்புகள் ஓய்ந்துவிட்டன. வெளியே ஒன்றை நிறுத்தி அத்தொண்டைத் தொடரச் செய்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டார். அன்றிலிருந்து ஊசி குத்தும் பெண்ணையும், குழாய் கழுவும் பணியாளரையும், அந்த இயந்திரத்தையும் வணங்காமல் அவர் படுத்ததில்லை.

அந்த வருடம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் மெட்ராஸ் அழிந்து சென்னை ஏறிக்கொண்டிருந்தது. மார்கழிக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. கேசவப் பெருமாள் சந்நிதியில் விடியற்காலைக் கோஷ்டியில் பாசுரத்தின் முதல் அடியை எடுத்துக் கொடுக்கும் குரல் பல ஆண்டுகளாக அவருடையது. கால் தளர்ந்தது, கண் மங்கிற்று. குரல் மட்டும் நோய் தொடாமல் நின்றது. அதைத் தமது உடைமையாக அவர் ஒருநாளும் கருதியதில்லை. காத்து வைத்திருந்து திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளாகவே கருதினார்.

அந்தக் குரலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. சென்ற வாரம் மருத்துவர் ஜமீலுன்னிசா ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ரத்தத்தில் பாஸ்பரஸ் இறங்கவே இல்லை, அரிப்பும் அதனால்தான். அது இப்படியே நின்றால் எலும்பிலிருக்கும் சுண்ணாம்பு கரைந்துகொண்டே போகும். கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் வீங்கி அந்தக் கரைப்பைத் தூண்டுகின்றன. மருந்துக்கு அடங்காவிட்டால் கழுத்தைத் திறந்து அவற்றை எடுக்கத்தான் வேண்டும் என்றார். குரல் நரம்பு அவற்றை ஒட்டியே ஓடுகிறது என்பதையும் மறைக்கவில்லை. 

இன்று ஸ்ரீரங்கன் படுக்கையில் குழாய்களோடு இணைந்து, உதட்டளவில் பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த கட்டிலில் நொச்சிக்குப்பத்து மாசிலாமணி. கட்டுமரம் ஏறிய காலத்துத் தோள்கள் இன்னும் அகலமாகவே இருந்தன. அவருக்கும் சர்க்கரைதான் இங்கே வழி காட்டியது.

"இன்னா ஐயரே, இன்னிக்கு கொரலு கம்மியா கீது? கொஞ்சம் சத்தமாத்தான் பாடேன். நீ பாடலன்னா எனுக்கு தூக்கமே வர்ல."

தாம் ஐயங்கார் என்பதை ஸ்ரீரங்கன் தொடக்கத்தில் இருமுறை விளக்கிப் பார்த்துப் பின்னர் விட்டுவிட்டார்.

"கழுத்துல கத்தி வைக்கணுங்கறா, மாசிலாமணி. அப்புறம் குரல் இருக்குமோ இருக்காதோ."

மாசிலாமணி அவர் பக்கம் திரும்பினார். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. கருவாட உட்டேன், நண்ட உட்டேன். உன் பாட்டையும் உட்டுடச் சொல்றியா? இன்னா நாயம் இது?"

மருத்துவர் வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். வழக்கமாக நின்றபடியே பேசிவிட்டுப் போகிறவர்.

"சார், மறைக்காம சொல்லுங்க. தயிர் ஜாஸ்தி சாப்பிடறீங்களா?"

"டாக்டர், அவர் தயிரைக் கண்ணால பாக்கறதோட சரி," என்றாள் கோமளம். "காய்கறியெல்லாம் நீங்கோ சொன்னாப்பல வேகவெச்சு, தண்ணியைக் கொட்டிட்டுத்தான் பண்றேன்."

"மாத்திரை?"

"சாப்பாட்டோடதான் எடுத்துக்கறேன். ஒருவேளைகூட விட்டதில்லை," என்றார் ஸ்ரீரங்கன்.

மருத்துவர் அறிக்கையை மூடினார். "சரி. நீங்க எப்படிச் சாப்பிடுவீங்கன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்க. எதையும் விடாம."

இப்படி ஒருவர் கேட்டு ஸ்ரீரங்கன் அறிந்ததில்லை. முகம் மலரத் தொடங்கினார். அடுக்களையில் தளிகை முடிந்ததும் பெருமாளுக்குச் சமர்ப்பித்து, திரை போட்டு, மணியடித்து, பின்பு அது இலைக்கு வருவதையும், இலையைச் சுற்றி நீர் வளைத்து, உள்ளங்கை நீரை அருந்தி, ஐந்து பருக்கைப் பிடிகளை உயிர்க்காற்றுகளுக்கு ஆகுதியாக்குவதையும், நடுவில் பேசாமலிருப்பதையும், முடிவில் மறுபடி நீரருந்தி எழுவதையும் சொன்னார். அந்த இரு நீர்களுக்கும் இடையே, பெருமாள் அமுது செய்யாத எதுவும் வாய்க்குள் போகக்கூடாது என்றார். கை அலம்பியதும் முதலில் அவன் பெயர்தான் நாவில் வரவேண்டுமென்பதால் பாசுரம், அதன்பின் மாத்திரை.

"பாசுரம் எவ்வளவு நேரம் சார்?"

"வெயில் சுவரேறும் வரைக்கும்."

மருத்துவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அவரது தோள்கள் குலுங்கியதைக் கண்டு அழுகிறாரோ என்று கோமளம் பதறினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சோத்துல இருக்கற பாஸ்பரஸை வயித்துக்குள்ளயே பிடிச்சு வெளியே தள்றதுதான் சார் இதோட வேலை. சோறு போறப்பவே கூடப் போகணும். பிந்திப் போனா எதைப் பிடிக்கும்? நான்தான் விவரமா கேக்காம விட்டுட்டேன்."

"பஸ்ஸு போன அப்பாலிக்கா ஸ்டாப்பிங்ல நின்னுகினு கை காட்டிக்கிறியே ஐயரே!" என்றார் மாசிலாமணி. சிரிப்பில் அவர் கட்டில் கிரீச்சிட்டது.

ஸ்ரீரங்கன் சிரிக்கவில்லை. மருத்துவர் அதைக் கண்டு தாமும் நிறுத்திக்கொண்டார். "உங்க வழக்கத்தை விடுங்கன்னு நான் சொல்லல. எங்க வீட்லயும் நோன்பு வெச்சா, நேரம் வர்ற வரைக்கும் மாத்திரையத் தொட மாட்டாங்க எங்கம்மா. ஆனா இது சோத்தோட போனாத்தான் மருந்து. அப்படி எடுத்துப் பாருங்க. மார்கழி பொறக்கறதுக்குள்ள ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஆபரேஷனைப் பத்தி முடிவு செய்வோம்."

"இதுல என்னதான் இருக்கு, டாக்டர்?" என்று கேட்டாள் கோமளம்.

"சுண்ணாம்புதாம்மா. வெத்தலைல தடவுவீங்களே, அதுக்கு அண்ணன் தம்பி."

வீடு திரும்பும் ஆட்டோவில் ஸ்ரீரங்கன் கண்களை மூடியிருந்தார். குரலுக்காக ஒரு நியமத்தைக் கைவிடுவதா? அந்த நியமத்தின் வழியாக அல்லவா அக்குரலே வந்தது? நியமம் கெடாமல் மாத்திரையைச் சோற்றோடு உண்பதென்றால் அதையும் முதலில் பெருமாளுக்குச் சமர்ப்பிக்க வேண்டும்; அது இன்னும் பெரிய கூச்சமாக இருந்தது. கண்ணுக்கு இனியவற்றைத் தேடித் தேடிச் சமர்ப்பிக்கிற கையால், தம் நோயின் மருந்தை எடுத்து நீட்டுவதா? லஸ் முனையில் பூக்காரிகளின் கூடைகளிலிருந்து மருக்கொழுந்தின் மணம் வண்டிக்குள் வந்து போனது. "அவனுக்கு மருந்தா தளிகை பண்றது?" என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

 மறுநாள் தளிகை முடித்து, இலையைப் போட்டபின் கோமளம் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஏன்னா, நம்மாத்துல உப்பு நின்னு எத்தனை நாளாச்சு?"

"எனக்கு நோய் வந்ததுலேர்ந்து."

"உங்களுக்குத் தனியா, பெருமாளுக்குத் தனியாவா தளிகை பண்றேன்? அன்னிலேர்ந்து அவரும் உப்பில்லாமத்தானே அமுது செய்யறார். சாத்தமுதுல உப்பில்லைன்னு ஒருநாள் கேட்டிருப்பாரா? உங்களுக்காகப் பத்தியம் இருக்கறவர், மருந்தை மட்டும் வேண்டாம்பாரோ?"

ஸ்ரீரங்கன் அலமாரியைப் பார்த்தார். விரலளவேயான செம்புத் திருமேனி. எண்ணெய் விளக்கின் ஒளி அதன் முகத்தில் அசைந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் இந்த முகத்தின்முன் நின்று தம் துன்பத்தைப் பாட்டாகச் சொல்லியிருக்கிறார், நன்றியையும் சொல்லியிருக்கிறார். எதிரே நின்றவன் தம்மோடு சேர்ந்து உப்பை விட்டிருந்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அடுக்களையில் நின்றவளுக்கு அது தெரிந்திருந்தது. அவளும் அதே உப்பில்லாச் சோற்றைத்தான் உண்டு வந்தாள் என்பது அதன்பின் நினைவுக்கு வந்தது. மாத்திரையை எடுத்து அவளிடம் நீட்டினார். 

"வாசல்ல நில்லுங்கோ. திரை போடணும்," என்றாள்.

அவர் வெளியே வந்து நின்றார். அம்மியில் எதையோ நுணுக்கும் ஓசை கேட்டது. பின்பு மணி. முதுகு அரித்தது, கையை எடுக்காமல் கூப்பியபடியே நின்றார். தம்மையறியாமல் ஒரு பாசுரத்தின் முதலடி தொண்டையில் எழுந்தது. அதைத் தாழ்ந்த குரலில் பாடினார். தெருவில் போன காய்கறி வண்டிக்காரர் ஒரு கணம் கூவலை நிறுத்தி, பின்னர் நகர்ந்தார்.

இலையின் முன் அமர்ந்தபோது கோமளம் அன்னத்தைப் பரிமாறினாள். பருப்பு, வெந்து நீர் வடித்த புடலங்காய்க் கறியமுது, மிளகு ரசமான சாத்தமுது. இலையின் இடது மூலையில், நெடுநாளாக வெறுமையாய்க் கிடந்த உப்பின் இடத்தில், வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை இருந்தது. அதன்மேல் ஒரு துளசி இதழ்.

அவர் உள்ளங்கையில் நீரெடுத்து இலையைச் சுற்றி வளைத்தார். வளையத்தின் நீர் அந்த மூலையைத் தொட்டுக்கொண்டு போனது. பொடியின் விளிம்பு ஈரத்தில் மெல்லக் குழைய, துளசி இதழ் வெண்மையில் சற்றே அமிழ்ந்து, மீண்டும் பச்சையாய்த் தெரிந்தது.