பேராயரின் இடக்கை

மேற்கே பெட்டாலிங் ஜெயாவின் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் கதிரவன் சாய, மாலைமழை ஓய்ந்து, தொடர்வண்டியின் இரைச்சலும் பூக்கடைகளின் மணமும் கலந்து பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் தவழ்ந்துகொண்டிருந்த வேளையில், தூய ஓசுமண்டர் சிறுகோவிலின் முற்றத்தில் திருவிழா நாடகத்திற்கு விளக்கேற்றினார்கள். கெர்ட்ரூட்டின் நெஞ்சிலோ முன்னரே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பெயர் பழி, அன்பரே. வேறு பெயரிட்டு அழகுபடுத்த எனக்கு மனமில்லை.

நார்மன் மன்னனோடு கடல்கடந்து இங்கிலாந்து புகுந்து, ஆயராகி, தாம் எழுப்பிய பேராலயம் திறந்த சின்னாளிலேயே இடிவிழுந்து சிதைய, மனந்தளராமல் மீண்டும் எழுப்பிய ஓசுமண்டர், பிறிதொரு காலம் அரசனுக்கு அஞ்சிப் பேராயர் அன்செல்மைக் கைவிட்டார். பின்னர் நாணி, அவர்முன் பணிந்து பொறுத்தருள வேண்டினார். அக்காட்சியோடு நாடகம் முடியும். பக்கவாத நோயாளர்க்குப் பாதுகாவலர் ஓசுமண்டர் என்பதால், அந்நோயுற்ற ஒருவரையே பேராயராக அமர்த்துவது அக்கோவில் வழக்கம். அப்பேராயர் தம் தலைமேல் கைவைக்கும்வரை, ஆயர் ஓசுமண்டராக வேடம் பூண்டவர் மண்டியிட்ட நிலையிலிருந்து எழலாகாது.

இவ்வாண்டு பேராயர் இருக்கை கெர்ட்ரூட்டின் அண்ணன் லியனார்டுக்கு வாய்த்தது. முன்பு பெட்டாலிங் ஜெயாத் தொழிற்சாலையொன்றில் கூலியுயர்வுக்காகக் குரலெழுப்பிய அவரை, இயந்திரத்தை உடைத்தவர் என்று பொய்ச்சான்று கூறி வெளியேற்றியவர், உடன்பிறவாத் தம்பிபோல் அவர் வீட்டுச் சோற்றை உண்ட ஹென்றி. வேலை போயிற்று, பெயர் போயிற்று. ஈற்றில் வலப்பக்கமும் பேச்சும் ஒருசேரப் போயின. ஹென்றியோ கோவிலில் முன்வரிசையில் அமர்ந்து உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். வயிறு எரியாதா, சொல்லுங்கள்! நாடகத்தை நடத்தும் பொறுப்பு கைக்கு வந்ததும் அவள் நேரே அவரிடந்தான் போனாள்.

“ஹென்றி அண்ணே, இந்த வருசம் நீங்கதான் பிஷப். அந்த உடுப்பு வேற யாருக்கு எடுப்பா இருக்கும்?”

“எனக்கு டயலாக்கெல்லாம் மறந்துடும் லா,” என்றார் ஹென்றி. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

அண்ணன் இளகிய நெஞ்சினர் என்பதை அறிந்த கெர்ட்ரூட், திரை விலகுமுன் அவருக்கு வெண்பட்டுப் போர்வையாடை அணிவிப்பவள்போல் குனிந்து, உயிருள்ள இடக்கையின் சட்டைமுனையைச் சக்கர நாற்காலியின் கைத்தாங்கியோடு ஊக்கால் பிணைத்தாள். ஹென்றி எழவே கூடாது. ஊர் பார்க்க, முட்டி தேயக் கிடக்கட்டும்.

கடைசிக் காட்சியும் வந்தது. “தந்தையே, அரசன் சினத்திற்கு அஞ்சி, அறத்தின் பக்கம் நின்ற உம்மைத் தனியே விட்டேன்; பொறுத்தருள்க,” என்று ஹென்றி மண்டியிட்டார். லியனார்டின் கை உயரவில்லை. பாடகர் பாட்டை முடித்து, மறுபடி தொடங்கி, மறுபடியும் முடித்தனர். கூட்டம் முணுமுணுத்தது, ஆயர் மகுடத்தின் கீழ் ஹென்றிக்கு வியர்த்து வழிந்தது.

“லியோ, முட்டி வலிக்குதுடா. கைய வை,” என்று கெஞ்சியவர், தம் மார்பில் ஒலிவாங்கி இருப்பதையும் மறந்து உடைந்துபோனார். “நான்தான் பொய் சொன்னேன். மெஷின நீ உடைக்கல. என் வேலை போயிடும்னு பயந்துட்டேன் லியோ.”

முற்றம் முழுதும் கேட்டது. கெர்ட்ரூட் இத்தனை ஆண்டுகள் ஏங்கிய சொல் அதுவே. ஆயினும் அவள் நெஞ்சு போதும் என்று சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் என்றது. திரையோரம் நின்று அவ்வின்பத்தைச் சுவைத்தவளின் கண்களை அண்ணனின் கண்கள் தேடிப் பிடித்தன. அவர் அழுதுகொண்டிருந்தார். வெண்பட்டின் கைமுனை வெடுக்கு வெடுக்கென்று இழுபட்டது. திறந்துகொண்டும் துணியை விடாத ஊக்கு மணிக்கட்டைக் கீற, குருதி பரவியிருந்தது. ஹென்றி மண்டியிட்ட நொடிமுதலே அவர் அக்கையை உயர்த்தப் போராடியிருக்கிறார், வலிக்கிறது என்று சொல்லவும் நாவில்லாமல்.

ஓடிவந்தாள்; நாற்காலியருகே மண்டியிட்டு, ஊக்கை அவிழ்த்தாள். “மன்னிச்சிருங்கண்ணே,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்குமாறு.

விடுபட்ட கை ஹென்றியின் தலைமேல் அமர்ந்தது. ஹென்றி எழுந்தார், கூட்டம் கண்ணீரோடு கைதட்டியது. கேட்ட பழியைக் குறைவறப் பெற்றுக்கொண்ட கெர்ட்ரூட் மட்டும், கோவில் வழக்கத்தை மீற மனமின்றி, குருதி தோய்ந்த ஊக்கை உள்ளங்கையில் இறுக்கியபடி, அவ்விடக்கை தன் பக்கம் திரும்பட்டும் என்று மண்டியிட்டே இருந்தாள்.