கதை வேகம்

புகை எனக்கு முன்னால் போகிறது, என் வாயிலிருந்துதான் புறப்பட்டு மார்க்கம் வீதியின் விளக்கடியில் ஒரு கணம் நின்று கலைகிறது, நான் அதற்குள்ளேயே நுழைந்து ஓடுகிறேன், பனி உறையாமலிருக்க நடைபாதையில் தூவிய உப்பு சப்பாத்துக்கு அடியில் நறநறக்கிறது, இந்தக் குளிருக்கு நாய்கூட வெளியே வராது, நாங்கள் ஒரு கூட்டம், பகல் முழுக்க வேலை செய்து களைத்தது காணாதென்று, கையுறையும் தொப்பியுமாக ஸ்காபரோத் தெருக்களில் ஓடுகிறோம், ஒருவரும் துரத்தவில்லை, சும்மா ஓடுகிறோம். பக்கத்தில் நிரோஜா, எங்கள் மாடியில் எதிர்வீட்டுப் பிள்ளை, பல் வைத்தியரிடம் வேலை, வாய் ஓயாதவள், அவள்தான் என்னை இழுத்து வந்தவள், வீட்டுக்குள்ள இருந்து சுவரைப் பாத்தது காணும் அக்கா, வெளிக்கிடுங்கோ என்றாள், மறுப்பதென்றால் வாயைத் திறக்க வேண்டுமே, அதனால் வந்தேன்.

இந்தக் குழுவுக்கு ஒரு சட்டம், இருவர் இருவராக ஓட வேண்டும், ஓடும்போது கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கதைக்க முடிகிற வேகம்தான் சரியான வேகமாம், அதற்குக் கதை வேகம் என்று பேர், கதை நின்றால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம், கூட ஓடுகிறவர் உடனே நிறுத்தி நடக்க வைக்க வேண்டும். நல்ல சட்டம்தான், கதைக்காதவளை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. என்ன அக்கா, களைக்குதோ, நிரோஜா நின்றுவிட்டாள், இல்லையென்று தலையை ஆட்டுகிறேன், அப்ப ஏன் கதைக்காம வாறியள், மூச்சு முட்டுது போல, நடப்பம், நடந்தோம், பிறகு ஓடினோம், அடுத்த சந்தி வருமுன் மறுபடி நிறுத்தினாள், மற்றவர்களின் முதுகில் மினுங்கிய சின்ன விளக்குகள் தூரத்தில் போய்விட்டன, எனக்கு எரிச்சல் வந்தது, எரிச்சல் வந்தே எவ்வளவு காலம் என்று ஓர் ஆச்சரியமும் கூடவே வந்தது.

நான் ஊமையாகப் பிறக்கவில்லை, ஒரு சொல்லால் வந்த வினை இது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவரும் செய்யாத வேலை அது, இவர், அவ்வளவுதான், பக்கத்தில் இருந்தாலும் இவர், வேலைக்குப் போயிருந்தாலும் இவர், நான் ஊரிலும் இவர் கனடாவிலும் இருந்து கடிதமும் கண்ணீருமாகக் கிடந்த காலத்திலும் இவர்தான், அவர் என்றால் அது வீதியில் போகிற யாரோ. போன மாரிக் குளிரில் ஒரு விடியப்புறம் இவர் நித்திரையிலேயே போய்விட்டார், செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் இவருக்குச் சீனி கூடப் போட்ட தேத்தண்ணிதான் விருப்பம் என்கிறேன், இவர் எழும்பினவுடன் என்று வேறு ஏதோ சொல்கிறேன், சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது, இவரின் தங்கை வதனி என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கையைப் பிடிக்கிறாள், மச்சாள், அண்ணா போயிட்டார், இனி அவர் எண்டு சொல்லிப் பழகுங்கோ, ஆக்கள் ஒரு மாதிரிப் பாக்கினம், அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள், அவளில் பிழையில்லை. அவர் என்று தனியே இருந்து சொல்லிப் பார்த்தேன், யாரோ ஒரு மனிதர் வந்து நின்றார், அந்த ஆளை எனக்குத் தெரியாது. இவர் என்று சொன்னால் சனத்துக்கு நான் பைத்தியம், அவர் என்று சொன்னால் அது என் மனுசனே இல்லை, பேசாமல் வாயை மூடிக்கொண்டேன், முதலில் சுகமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது, எதைச் சொல்லத் தொடங்கினாலும் அதற்குள் இவர் இருந்தார், மீன் விலையைப் பற்றிக் கதைத்தால்கூட.

பஸ் ஒன்று எங்களைக் கடந்து போகிறது, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து உள்ளே மஞ்சள் வெளிச்சம், இந்த வீதியில்தான் இவர் பஸ் ஓட்டினார், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நானும் ஏறி முன் இருக்கையில் இருந்துகொள்வேன், போகிற இடம் ஒன்றுமில்லை, இவருடன் போவேன், அதே வழியால் இவருடனேயே திரும்புவேன், அதுதான் எங்கள் உல்லாசப் பயணம், பஸ் ஓடும்போது இவர் ஒரு சொல் கதைக்க மாட்டார், சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தால் திரும்பி, காலுறை போட்டனீரோ என்பார், இந்த முறை ஊருக்குப் போனா உம்மை என்று தொடங்குவார், பச்சை விழுந்துவிடும், மிச்சம் அடுத்த சந்தியில் வரும், நான் அடுத்த சிவப்புக்காகக் காத்திருக்கிறேன், வெளியே பனி கொட்டுகிறது, ஒரு வசனம் முடிய ஊரே கடந்துபோகிறது.

எல்ஸ்மியர் சந்தியில் சிவப்பு, நின்றோம், நிரோஜா என் முகத்தைப் பார்த்தாள், அக்கா, ஏலாதெண்டா சொல்லுங்கோ, திரும்பிப் போவம், அடுத்த கிழமை பாப்பம். அடுத்த கிழமை நான் வர மாட்டேன் என்று எனக்குத் தெரியும், கதவைச் சாத்தினால் சாத்தினதுதான், எதிரே எரிந்த சிவப்பைப் பார்த்தேன், இவர் சிவப்பு லைற்றிலதான் கதைப்பார், என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, சொல்லிவிட்டு, செத்த வீட்டில் கண்ட அந்தப் பார்வைக்காகக் காத்திருக்கிறேன், நிரோஜா மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏன், பச்சையில கதைச்சா இவருக்கு என்ன வந்ததாம் என்றாள்.

இவருக்கு. அவள் யோசித்துச் சொல்லவில்லை, நான் கொடுத்த சொல்லை அப்படியே வாங்கித் திருப்பித் தந்தாள், பச்சை விழுந்தது, ஓடத் தொடங்கினோம், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, கண்ணீர் கன்னத்திலேயே குளிர்ந்துபோனது, ஆனால் வாய் நிற்கவில்லை, இவரின் அரைவாசி வசனங்களைப் பற்றிச் சொன்னேன், இவர் என்னை விமானநிலையத்தில் கூட்டிப்போக வந்த அன்று அவசரத்தில் செருப்போடு பனியில் நின்றதைச் சொன்னேன், பயணிகளிடம் சிரித்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து முறைப்பதைச் சொன்னேன், இவர் இப்படி, இவர் அப்படி, கடைகளும் மரங்களும் பின்னால் போகின்றன, தூரத்து முதுகுகளின் விளக்குகள் கிட்ட வருகின்றன, பக்கத்தில் சத்தத்தைக் காணவில்லை, திரும்பிப் பார்த்தால் நிரோஜா விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள், அக்கா, என்னால ஏலாது, கொஞ்சம் நில்லுங்கோ. கதை நிண்டுபோச்சு, அப்ப நடப்பம், சட்டமெண்டா சட்டம்தான் என்றேன், அவள் மூச்சுக்கு நடுவே சிரித்தாள், சரி, நடப்பம், நீங்கள் சொல்லுங்கோ, செருப்போட நிண்டு பிறகு இவர் என்ன செய்தவர். நான் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, இவர் இருக்கிறாரெல்லே, என்று தொடங்கினேன்.