ஸ்னிகர் என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடமாகத்தான் தொடங்கியது. அப்புத்தளையில் மாலை வகுப்பு நடத்தும் தாஸிம் சேர் பத்து ஆங்கிலச் சொற்கள் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பொருளும் ஒரு வாக்கியமும் எழுதி வர வேண்டும். ஒன்பதை முடித்துவிட்டேன். ஏழாவது மட்டும் நிற்கிறது: ஸ்னிகர்.

"சிரிப்புன்னு எழுதி வச்சிட்டுப் போகாதீங்க புள்ள," என்றார் சேர். "வாயைப் பொத்திக்கிட்டு, ஒருத்தரக் கேவலமா நெனச்சுச் சிரிக்கிறது. யாரு, யாரைப் பாத்து? அது வேணும் எனக்கு."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: மலையடிவாரத்தில் ஓர் அழகிய லயம் இருந்தது. (பொய். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்தான்; கூரைத் தகரம் பறக்காமல் கல் ஏற்றி வைத்திருக்கிறோம்.)

இரண்டாவது: கம்சலாவுக்குச் சிரிப்பென்றால் பயம்.

இது இருக்கட்டும். கம்சலா எங்கள் லயத்துக் கடைசிக் காம்பரா வீட்டில் இருக்கிறவள். மேலே மலையில் வெடிப்பு கண்ட பிறகு, அதிகாரிகள் மழை அளக்கும் குப்பியையும் ஒரு விசிலையும் அவளிடம் கொடுத்தார்கள். தண்ணீர் நூறாவது கோட்டைத் தொட்டால் அவள் ஊத வேண்டும். இருபத்திரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு இதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

போன ஐப்பசியில் ஊதினாள். ஓடினோம். நல்லையா மாமா ஒரு கையில் கோழியும் மறுகையில் டீவி ரிமோட்டுமாக ஓடினார். மலை அசையவில்லை. திரும்பி வந்து பார்த்தால், குப்பியைக் கூரை விளிம்புக்கு நேர் கீழே வைத்திருக்கிறாள். தகரத்துத் தண்ணீரெல்லாம் அதற்குள்தான்.

3

மறுநாள் பீலியடியில், தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள்:

"வாங்க மழை டீச்சர். மலை இன்னைக்கு வருதா, நாளைக்கா?"

"முன்கூட்டியே சொன்னீங்கன்னா சோத்த வடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுவோம்ல!"

"சும்மா இருங்கக்கா," என்றாள் கம்சலா. குடம் அரைவாசி நிறையுமுன்னே தூக்கிக்கொண்டாள். அவள் முதுகு திரும்பியதும் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு

(இந்த வாக்கியத்தை நான்கு தடவை வெட்டினேன். 'ஒருத்தி' சரியில்லை. அது நான். முந்தானையும் இல்லை, துப்பட்டா.)

அவளுக்குக் கேட்டுவிட்டது. குடத்துத் தண்ணீர் இடுப்பில் சிந்தியது. அதன்பின் அவள் அந்தப் பீலிக்கு வரவேயில்லை.

4

இன்று மூன்றாவது நாளாக மழை. குப்பி இப்போது வெட்டவெளியில், ஒரு கம்பத்தில் கட்டியிருக்கிறது. கதையில் அவளை அங்கே நிறுத்துகிறேன். பின்னேரம் ஐந்து மணி. தொண்ணூற்றேழு. விசில் பற்களுக்கிடையில். அவள் மலையைப் பார்க்கவில்லை. எங்கள் வாசல்களைப் பார்க்கிறாள்.

முடிவு அ: அவள் ஊதவில்லை. அதன்பிறகு கேட்டது

(முடியாது.)

முடிவு ஆ: ஊதுகிறாள். மலை சரிகிறது. தப்பியவர்கள் அவளைக் கும்பிடுகிறார்கள். எழுதிப் பார்த்தேன், கை கூசியது. அவள் சொன்னது சரியென்று காட்ட நான் மலையையே இறக்க வேண்டியிருக்கிறது. அந்த மலைக்குக் கீழே அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கிறாள்.

முடிவு இ: ஊதுகிறாள், ஓடுகிறோம், மலை அப்படியே நிற்கிறது. எங்கள் எல்லோருக்கும் இதுதான் நல்ல முடிவு. அவளுக்கு மட்டும் இல்லை.

5

விசில் கேட்கிறது. கதையில் இல்லை, வெளியே.

"திரும்ப ஆரம்பிச்சிட்டாடா!" பக்கத்துக் காம்பராவில் நல்லையா மாமா. யாரோ மூக்கால் சிரிப்பது சுவரைத் தாண்டி வருகிறது. ஒரு கதவும் திறக்கவில்லை. விசில் நிற்கவுமில்லை.

"என்னாடி, போகணுமா?" என்கிறாள் அம்மா, அரிசிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

முதலில் வெளியே வருகிறவளை இருபத்தொரு வாசலும் பார்க்கும். பிறகு பீலியடி இருக்கிறது, நாளைக்கும் அதற்கடுத்த நாளைக்கும். நான் பயப்படுவது மலைக்கு இல்லையென்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், சேர். நான் அம்மாவின் செருப்பைத் தேட வேண்டும்.