முக்காட்டின் முனை

பூலாக் பேட்டையின் அந்தச் சந்தில் எட்டு வருடமாகக் காய் குடைந்து விற்றவள் வஹீபா. வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பும் வழியில் குடைந்த கத்தரிக்காயும் சின்னச் சுரைக்காயும் வாங்கிப் போய், அரிசி அடைத்து வேகவைப்பார்கள். மூன்று மாதம் முன்னால், மாடியறையில் குடியிருக்கும் ஓரகத்தி இன்ஸாஃப் அதே தொழிலைத் தொடங்கினாள். அவள் குடைந்த காயில் ஓட்டை விழாது, தோல் காகிதம்போல் மெலிசாக இருக்கும். கொசுறாக ஒரு பிடி கொத்தமல்லி, கூடவே ஒரு சிரிப்பு. பெண்கள் வஹீபாவின் வாசலைத் தாண்டிப் படியேறினார்கள். ஒவ்வொரு செருப்புச் சத்தத்தையும் வஹீபா எண்ணினாள்.

ஒருநாள் வெங்காயம் கேட்கும் சாக்கில் மேலே போனாள். பேச்சு முடிவதற்குள் இன்ஸாஃப் இருபது காயை முடித்துவிட்டாள். பக்கத்து வீட்டு உம் ஷரீஃப், ஷரீஃபின் அம்மா, கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உன் கை வேகம் எந்த மெஷினுக்கும் வராதுடி" என்றாள் வஹீபா.

அதோடு மாஷா அல்லாஹ் சொல்லியிருக்க வேண்டும். அது இல்லாத பாராட்டு கண்ணேறாகிவிடும் என்பது அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் மறக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். உம் ஷரீஃப் அவசரமாகத் தானே அதை முணுமுணுத்தாள்.

மறுநாள் குடையும் கம்பி இன்ஸாஃபின் உள்ளங்கையில் இறங்கியது. நாலு தையல். கேட்டதும் வஹீபாவுக்கு உள்ளே குளிர்ந்தது. அதை மறைக்கப் பருப்புச் சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மூன்றாம் நாள், கொடியில் காய்ந்த வஹீபாவின் முக்காட்டில் ஒரு முனையைக் காணோம். கத்தரிக்கோல் வெட்டு. மாடியிலிருந்து சாம்பிராணியோடு துணி கருகும் வாடை வந்தது. கண் வைத்தவளின் துணியை எரித்துத்தான் கண்ணேறு கழிப்பார்கள். தடதடவென்று படியேறினாள்.

"என் முக்காட்ட வெட்டினது யாரு?"

இன்ஸாஃப் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள்.

"என் கைய வெட்டினது யாருன்னு நான் கேட்டேனாக்கா?"

வஹீபா இறங்கிவிட்டாள். இனி தன் கை பட்ட காயை எவளும் தொடமாட்டாள், பிழைப்பு போயிற்று என்று நினைத்தாள். இருந்தும் காய்களைக் குடைந்து வைத்து, வெட்டுப்பட்ட முக்காட்டையே போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

முதலில் உம் ஷரீஃப் வந்தாள். குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடினாள். ஒரு கிலோ போதுமானவள் இரண்டு கிலோ வாங்கினாள். "உங்க கை மாதிரி வருமாக்கா, மாஷா அல்லாஹ்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். நேற்றுவரை வாடி போடி என்றவள். பிறகு வந்தவர்களும் அப்படித்தான். அவள் கண்ணுக்குப் பயந்து, தாண்டிப்போக யாருக்கும் துணிவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் கூடை காலி.

வாங்கிய பைகளோடு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, படியேறினார்கள். மேலே யாரோ இன்ஸாஃபின் பாத்திரங்களைக் கழுவினார்கள். தேநீர் கிளாஸ்கள் கிணுங்கின. இன்ஸாஃப் என்னவோ சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள்.

வஹீபா காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தையல் பிரிக்க இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.