ரிப்பேர் எத்தினி தபா?

“வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள கம்ப்யூட்டர் வாங்கிடு கன்னியம்மா. இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்கறேன்.” அம்பத்தூர் பிரஸ்காரரு மணவாளன் இப்டி சொல்லிட்டாரு. பதினோரு வருசமா அவருக்கு பரிட்சை கேள்வித்தாள் டைப்ரைட்டர்ல அடிச்சிக் குடுத்துதான் என் ஊடு ஓடிக்கினு கீது. அது பூட்ச்சுன்னா நான் இன்னா பண்றது?

எங்க ஊட்டுக்காரு தசரதன், ஆவடி மிலிட்டரி வண்டி ஃபாக்டரில செக்கிங் செக்சன். அவரு கையெழுத்து போடாம ஒரு போல்ட்டு கூட வெளிய போவாது. ஊட்லயும் அப்டிதான். கிரைண்டர் வாங்கச்சொல்ல, கடையிலயே நாலு படி அரிசிய அரைக்க வெச்ச மனுசன்.

கம்ப்யூட்டர்னதும் ஒரு நோட்டு போட்டாரு. அது வெச்சிருக்கறவங்க ஊடு ஊடா சைக்கிள்ல போயி, “ரிப்பேர் எத்தினி தபா?”ன்னு கேட்டு எழுதிக்கினு வந்தாரு. திங்கள் பூட்ச்சு, செவ்வா பூட்ச்சு. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. கஞ்சி வடிக்கச்சொல்ல பாதி சோத்தையும் சேத்துக் கொட்டிட்டேன்.

புதங்கெழமை வந்து சொன்னாரு: “முடிவு பண்ணிட்டேன்மே. ஆவடி எட்மண்ட் சாரு ஊட்ல மூணு வருசமா கீது, ஒரு ரிப்பேர் இல்ல. அந்தக் கம்பெனிதான். சத்தியராஜ் டைப்பிங் கடை மிஷினு ரெண்டு வருசத்துல நாலு தபா படுத்துக்கிச்சாம். அது வேணாம்.”

எனக்கு மனசு கேக்கல. வியாழக்கெழமை நானும் அவரு சைக்கிள் கேரியர்ல குந்திக்கினேன்.

எட்மண்ட் சாரு சம்சாரம் ஜெயசீலி, செருப்ப வெளிய உடச்சொன்னாங்க. காலையும் கழுவச்சொன்னாங்க. உள்ள போனா, கம்ப்யூட்டருக்கு பூப்போட்ட துணி போத்தி, மேல பிளாஸ்டிக் ரோஜா வெச்சிகீறாங்க.

“கொஞ்சம் போட்டுக் காட்டுங்கம்மா”ன்னேன்.

“எதுக்கும்மா? தூசி பூந்துடும். பையன் ஹாஸ்டல்லேர்ந்து கிறிஸ்மஸுக்கு வருவான், அப்பதான் போடுவோம்.”

நான் எங்க ஊட்டுக்காரரப் பாத்தேன். அவரு நோட்டப் பாத்தாரு.

நேரா அம்பத்தூர் சத்தியராஜ் கடைக்கு மிதிக்கச்சொன்னேன். அங்க மிஷினு மூடியத் தொறந்து, டேபிள் ஃபேன அது பக்கம் திருப்பி வெச்சிகீது. பட்டன்ல எழுத்தெல்லாம் தேஞ்சு பூட்ச்சு. நாலு பேரு காத்துக்கினு கீறாங்க.

“காத்தாலேர்ந்து கடை மூடற வரைக்கும் ஓடுதுக்கா”ன்னான் சத்தியராஜ். “படுத்துக்கினா பக்கத்து ஊரு பாடியில வேம்புலின்னு மெக்கானிக் கீறான். ஒரு போன் போட்டா ஒரு மணி நேரத்துல வந்து எழுப்பிடுவான்.”

வெளிய வந்து கேட்டேன். “யோவ், உன் ஃபாக்டரில ரிப்பேரே ஆவாத வண்டி எது?”

தெருமுனை வரைக்கும் சைக்கிளத் தள்ளிக்கினு வந்தாரு. அப்பறமா, “ஷெட்ட உட்டு எடுக்காத வண்டி”ன்னாரு.

வெள்ளிக்கெழமை காத்தால சத்தியராஜ் வெச்சிருக்கற அதே கம்பெனி மிஷினுக்கு ஆர்டர் சொல்லிட்டு, மணவாளன் முன்னால போயி நின்னேன். “நாளைக்கு வருதுண்ணே”ன்னேன்.

“கெடாதில்ல?”

“கெடும்ணே. கெட்டா ஒரு மணி நேரத்துல ஆள் வரும்.”

என்ன ஒரு பார்வை பாத்தாரு. கேள்வித்தாள் கட்ட என் பக்கம் தள்ளினாரு. பஸ்ல வரச்சொல்ல அழுதுட்டேன்.

பதினோராம் நாளே மிஷினு படுத்துக்கிச்சு. பூத்துக்கு ஓடி போன் போட்டேன். வேம்புலி வந்தான், உள்ளேர்ந்து ஒரு கார்டப் புடுங்கித் தொடச்சு சொருகினான். ஓடிச்சு. சாயங்காலமே கேள்வித்தாள் பிரஸ்ஸுக்குப் பூட்ச்சு.

வேலை உட்டு வந்த எங்க ஊட்டுக்காரு விசயத்தக் கேட்டுட்டு நோட்ட எடுத்தாரு. எட்மண்ட் சாரு பேர அடிச்சாரு. கீழ எங்க பேர எழுதி, ரிப்பேர் ஒண்ணுன்னு போட்டு, பக்கத்துல கையெழுத்தும் போட்டாரு.