துரை நட்ட கட்டை

இருபது நாளைக்கு ஒருமுறை வரும் மீன்பிடி முறையான பாடு அன்றைக்குப் பொன்னுரங்கத்துடையது. ஏரி கடலோடு சேரும் வாய்க்காலில், கடல் பக்கம் நீர் இறங்கத் தொடங்குமுன் வலையின் முதல் கட்டையான தலைக்கட்டையைத் தன் கையால் நட்டு வலை கட்டுகிறவனுக்கே அன்றைய இறால். தவறினால் பாடு அடுத்தவனுக்கு. அந்த அடுத்தவன் அங்கமுத்து விடிந்ததிலிருந்தே அங்கே தோணியோடு காத்திருந்தான்.

அன்றைக்குப் பார்த்துத்தான் ஒல்லாந்துக் கோட்டையின் புதுத் துரைக்கு உல்லாசம் பிறந்தது. துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி திருவேங்கடம் வந்து, வலையும் கட்டையும் கிடந்த பொன்னுரங்கத்தின் தோணியில் மெத்தையைப் போட்டான்.

"துரை கிரேக்க தேசத்துத் தீவுங்களைப் பத்தி படிச்சிருக்காரு. அதே மாரி இங்க சுத்திப் பாக்கணுமாம்."

"அங்க போயிருக்காரா?"

"படிச்சிருக்காருன்னேன்ல!"

துரை பொய்முடியும் தொப்பியுமாக ஏறினார். வியர்வையில் முடியில் பூசிய மாவு கரைந்து காதோரம் கஞ்சியாக வழிந்தது. மீன் கவுச்சிக்கு மூக்கில் துணி. ஒவ்வொரு மணல்திட்டுக்கும் எழுந்து நின்று, கையை நீட்டி, வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தார். நாரைகள் தலைமுறைகளாக எச்சமிட்டு வெளுத்த பாறை ஒன்றைக் கண்டதும் இறங்கியே விட்டார்.

"பளிங்காம்," என்றான் துபாஷி.

துரை அதைக் கண்மூடித் தடவினார். அதே கையால் தாம் கொண்டுவந்த நீலப் பூசணம் பூத்த பால்கட்டியைப் பிட்டு வாயில் போட்டு, விரல்களையும் நக்கினார். பொன்னுரங்கம் முகத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்தான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டதே, இனி நீர் இறங்கிவிடுமே!

"கோயிலு பாக்கணுமான்னு கேளு," என்றான். "வாய்க்காலாண்ட ஒண்ணு முழுகிக் கீது."

வாய்க்காலில் நீருக்குமேல் பாசி பிடித்த பழைய வலைக்கட்டைகள் வரிசையாகத் தலைநீட்டின. துரை தொப்பியைக் கழற்றினார். தூண்கள்! பொன்னுரங்கம் இடுப்பளவு நீரில் குதித்துத் தலைக்கட்டையைத் தூக்க, பூசாரி பூசையைத் தொடங்குகிறான் என்று நினைத்துத் துரையும் குதித்து, அதைப் பிடுங்கி, தாமே சேற்றில் குத்தி நட்டார். அந்த நேரம் பார்த்து நீர் இறங்கத் தொடங்கியது.

"உன் கை நட்லியே, மாமா!" அங்கமுத்து இளித்தபடி தன் தோணியில் நெருங்கினான். "பாடு எனுது." கட்டையைப் பிடுங்கக் குனிந்தான்.

"டேய்! அது கம்பெனி துரை நட்ட தூணு!" துபாஷி தோணியே ஆட எழுந்தான். "தொட்டா கோட்டைவாசல்ல கசையடி!"

அங்கமுத்து கையை இழுத்துக்கொண்டான்.

"பிடுங்கேன், மாப்ளே," என்று வலையைக் கட்டினான் பொன்னுரங்கம்.

கட்டி முடித்துத் திரும்பினால், துரை இரு கைகளையும் ஏந்தி நின்றிருந்தார்.

"தீர்த்தம் கேக்கறாரு," என்றான் துபாஷி. "குடுத்துட்டு உன் வேலையப் பாரு."

பொன்னுரங்கம் சுற்றிலும் பார்த்தான். சேறு, செத்த நண்டு, இருவரின் கால் கழுவிய கலங்கல். ஒரு கை அள்ளி வார்த்தான். துரை கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி, மிச்சத்தைத் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

அங்கமுத்து தோணி விளிம்பில் கவிழ்ந்து ஓங்கரித்தான். பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு வலையை மட்டும் பார்த்தான். அதன் வயிறு மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.